பூப் பிடுங்காத மனுசி

சிலர் உடம்பு இளைக்க நடக்கிறார்கள். சிலர் டொக்டருக்குப் பயந்து நடக்கிறார்கள். நான் விடிய ஐந்தே முக்காலுக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்குவது நேசத்தைத் தோற்கடிக்க.

நேசம் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கிக் கிளையில் அவளும் நானும் இருபத்தேழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே இரண்டு பேருக்கும் விசர் பிடிக்கத் தொடங்கியது. அப்போது ஆரம்பித்ததுதான் இந்தப் போட்டி. தினமும் காலையில் அவரவர் பகுதியில் நடந்து, ஏழரைக்குள் ஒரு படம் அனுப்ப வேண்டும். பூவாக இருக்கலாம், இல்லாவிட்டால் ஏதாவது புதினமாக இருக்கலாம். வீட்டுக்குள் எடுத்தது செல்லாது. நேற்று எடுத்ததும் செல்லாது. எது நல்ல படம் என்பதை நாங்களே போனில் சண்டை பிடித்துத் தீர்மானிப்போம்.

வெள்ளவத்தையில் எங்கே பூ, எல்லாம் கொங்கிறீற்றுத்தானே என்று கேட்கிறவர்கள் நடந்து பார்க்காதவர்கள். ஆறாம் மாடி ஏசிப் பெட்டியின் இடுக்கில் ஒரு அரசங்கன்று நிற்கிறது. யாரோ வீசிய பழைய கக்கூசுக் கொமட்டுக்குள் நித்தியகல்யாணி பொங்கிப் பூக்கிறது. அப்பார்ட்மெண்ட் கட்ட இடித்த ஒரு காணியில் வீடும் இல்லை, மதிலும் இல்லை, கேற் மட்டும் தனியே நிற்கிறது. அதற்கும் யாரோ மறக்காமல் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். மரக்கறிக் கடை ஹாஷிம் நானாவின் தராசுத் தட்டில் ஒருநாள் பூனை படுத்துவிட்டது. அதை எழுப்ப மனமில்லாமல் அவர் கத்தரிக்காயைக் கையாலேயே நிறுத்துக் கொடுத்தார். இதையெல்லாம் படம் எடுத்துவிட்டு வீடு வரும்போது எனக்கு ஐம்பத்தேழு வயது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் அந்த வைகாசி மாதம் நேசம் முன்னுக்கு நின்றாள். ஓட்டோவின் பின் சீட்டில் தேவதூதன் சிலை ஒன்றை, ஆள் உயரச் சம்மனசை, இருத்தியிருக்கிறார்கள். ஒரு இறக்கை வெளியே நீண்டிருக்கிறது. சிவப்பு விளக்கில் ஓட்டோ நிற்க, பக்கத்து பஸ்ஸில் ஒரு பெண் சம்மனசைப் பார்த்துக் கும்பிடுகிறாள். இதுதான் நேசம் அனுப்பிய படம். இதற்கு மேல் மனிதர் எதை எடுப்பது? எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள்தான் அந்தக் கொடியைக் கண்டேன்.

எங்கள் ஃப்ளாட்டிலிருந்து மூன்று லேன் தள்ளி, கடலை நோக்கிப் போகும் வழியில் ஒரு பழைய தனி வீடு. கேற்றில் 'சிவபாதசுந்தரம்' என்ற பெயர்ப் பலகை. கார் நிறுத்தும் கொட்டகை முழுவதும் ஒரு முரட்டுக் கொடி படர்ந்து கிடந்தது. நூறு தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்கு அதன் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு ஏதோ தொங்கியது. கேற் இடைவெளியால் மூக்கை நுழைத்துப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறத்தில் சின்னச் சின்ன மொட்டுகள், கொக்கி கொக்கியாக.

பேராதனைத் தோட்டத்தில் ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். மரகதக் கொடி! விரிந்தால் ஒவ்வொரு பூவும் கிளிச்சொண்டு மாதிரி வளைந்து நிற்கும். அந்த நிறத்தை என்னவென்று சொல்வது? பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. பார்க்கிறவர்கள் பிளாஸ்ரிக் என்று சத்தியம் பண்ணுவார்கள். அது வெள்ளவத்தையில், என் மூக்குக்கு முன்னால், இன்னும் மூன்று கிழமையில் விரியப் போகிறது. நேசத்தின் சம்மனசு இறக்கையை மடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். நடு லேனில் நின்று தனியே சிரித்தேன். பாண்காரனின் ஓட்டோ என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

அன்றையிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு அந்தக் கேற்றடியில் நின்று ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்தேன். மொட்டு முதல் பூவரை வரிசையாக எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பித் திகைக்கவைப்பது என் திட்டம். நேசத்துக்கு மூச்சுக்கூட விடவில்லை. அவளுக்கு வேறு படங்கள் அனுப்பித் தோற்றுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பகுதியில் விடியற்காலையில் அடுத்தவர் மதிலோரம் ஆட்கள் நிற்பது புதினம் இல்லை. ஒரு கையில் பை, மற்றக் கையில் கொக்கித்தடி. செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ கைக்கு எட்டியதைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். நல்ல உத்தியோகத்தில் இருந்த, திருநீறு பூசிய, மரியாதையான மனிதர்கள். கேட்டால் "சாமிக்குத்தானே" என்பார்கள். சாமிக்கென்றால் களவில்லை என்பது எங்கள் எழுதாத சட்டம். நான் மட்டும்தான் ஒரு இதழும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு போகிறவள். அதனால் என்னை யாரும் குறை நினைக்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஐந்தாம் நாள் கேற்றுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். ஆறாம் நாள் மதிலில் இருந்த பாசியைச் சுரண்டி, வெடிப்பில் நின்ற அழகான பன்னச்செடியையும் பிடுங்கி எறிந்திருந்தார்கள். எனக்குச் சரியான கோபம். வெளிநாட்டிலிருந்து யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது, அதுதான் இந்தப் பகட்டு என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் நாளிலிருந்து ஒரு பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும், தலை முழுகி, பட்டுக்கரைச் சேலை கட்டி, குழாயைப் பிடித்துப் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள். யாராவது ஆறரை மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு தண்ணீர் விடுவார்களா? அதுவும் கொடியை மறைத்துக்கொண்டு! நான் இடப்பக்கம் நகர்ந்தால் அவளும் அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

பத்தாம் நாள் வீட்டம்மா வெளியே வந்தார்.

"என்ன வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ, வாங்கோ!"

கமலலோஜினி என்று தன் பெயரைச் சொன்னார், லோஜினி என்றே கூப்பிடலாமாம். என் வயதுதான் இருக்கும். உள்ளே போனால் கொடியின் நேர் கீழே ஒரு கதிரை எனக்கென்று போட்டிருந்தது. சுடச் சுடத் தேத்தண்ணி, உளுந்து வடை, கதலிப்பழம். ஏழு மணிகூட ஆகவில்லை. சிவபாதசுந்தரம் வெள்ளை வேட்டியில் வந்து கும்பிட்டுவிட்டு எதிரே இருந்தார். மகள் யதுஷா, பொரளையில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை, பட்டதாரி, நன்றாகச் சமைப்பாள், பாட்டும் படித்தவள் என்று அவராகவே சொன்னார். எனக்குக் கண் எல்லாம் மேலே தொங்கிய மொட்டுக் கொத்தில்தான்.

"எவ்வளவு காலமா நிக்குது?" என்று கொடியைக் காட்டிக் கேட்டேன்.

"எட்டு வருசம்! பேராதனையில என்ர சிநேகிதன் ஒருத்தன் கன்று தந்தவன். இண்டுவரைக்கும் ஒரு பூக்கூட இல்லை. இவ வெட்டச் சொல்லி நிண்டவ. நான்தான் விடேல்லை. முதல்முதலா இந்த முறைதான்."

நானும் அவரும் அரை மணித்தியாலம் கொடியைப் பற்றிக் கதைத்தோம். இப்படி ஒரு நல்ல மனிதரா என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் ஊரையோ குடும்பத்தையோ பற்றி ஒரு கேள்விகூட அவர்கள் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தார் வீட்டில் அப்படி நடந்ததே பெரிய அதிசயம். அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். பூவைக் கண்டால் எனக்கு மூளை வேலை செய்யாது.

அதற்குப் பிறகு தினமும் தேத்தண்ணி. ஒருநாள் தோசை. இன்னொரு நாள் எனக்கென்றே மோதகம். கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் இருத்துவார்கள். என்னை இப்படி யாரும் தாங்கியதில்லை. மொட்டுகளும் நாளுக்கு நாள் பெருத்தன. பதினேழாம் நாள், ஒரு திங்கட்கிழமை, நான் எழும்பும்போது சிவபாதசுந்தரம் ஒரு நீள உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வீட்ட போய் ஆறுதலாப் பாருங்கோ."

கொடியின் வரலாற்றை எழுதித் தந்திருக்கிறார் என்று நினைத்தேன். எப்போது நட்டது, என்ன பசளை என்று எழுதியிருப்பார். மனுசன் இவ்வளவு கரிசனையோடு எழுதியிருக்கிறாரே என்று உருகிக்கொண்டே வீடு வந்து பிரித்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய தாள். பன்னிரண்டு கட்டம். மேலே 'யதுஷா சிவபாதசுந்தரம், பூரட்டாதி நட்சத்திரம்'.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். புதுப் பெயின்ற், சேலை, வடை, வேட்டி எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. எங்கள் சனம் சம்பந்தம் பேச முன்னர் ஆள் விட்டு விசாரிக்கும். நல்ல சேலை கட்டிய வயதான மனுசி ஒருத்தி வந்து பெண் வீட்டுக் கேற்றடியில் சும்மா நிற்பது மாதிரி நிற்பாள். வீடு எப்படி, வாசல் கூட்டியிருக்கிறதா, பெட்டை விடிய எழும்புகிறாளா என்று பார்ப்பாள். விசாரிக்க வந்தவளிடம் திருப்பி விசாரிக்கக் கூடாது, அவளாகச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும் என்பது முறை. என்னை மாப்பிள்ளையின் தாய் என்று நினைத்துவிட்டார்கள். கலியாணமே கட்டாத என்னை!

நேசத்துக்குப் போன் எடுத்தேன். கொடி இரகசியத்தையும் சேர்த்துக் கக்க வேண்டியதாகிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் என் போன் அதிர்ந்தது.

"அடியேய், ஒனக்கு மகன் இருக்கானா? இருவத்தேழு வருசமா எனக்குச் சொல்லவே இல்லியே!"

"பகிடி விடாதை நேசம். நான் இப்ப என்ன செய்யிறது?"

"என்ன செய்யுறதா? நாளைக்குக் காலையில போய் உள்ளதச் சொல்லு. பொம்புளப் புள்ள விசயம்."

"பூ சனிக்கிழமை விரியும்போல இருக்கு. சொன்னால் என்னைத் துரத்திப்போடுவினம். அஞ்சு நாள்தானே, பூவை எடுத்துப்போட்டுச் சொல்லுறன்."

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "நீயா இப்புடிக் கதைக்கிறே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னர் எங்கள் வீட்டுக் கேற்றடியிலும் ஒருத்தி குடையோடு மூன்று நாள் நின்றாள். எனக்குப் பேசிய மாப்பிள்ளையின் பெரியம்மாவாம். "பெட்டை ரோட்டுக்குக் கேக்கச் சிரிக்குது" என்று போய்ச் சொன்னாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. நான் தனியே இருப்பது அதனால்தான் என்று சொல்லமாட்டேன், பிறகும் இரண்டு மூன்று வந்தன, எனக்கே மனம் விட்டுப்போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் அம்மா என்னைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொண்ட அந்த வருடங்களை நான் மறக்கவில்லை. இப்போது நானே குடையில்லாத குடைக்காரி ஆகியிருக்கிறேன்.

எல்லாம் தெரிந்தும் செவ்வாய்க்கிழமை போனேன். சொல்லவில்லை. வடை சாப்பிட்டேன். மேல் வரிசை மொட்டுகள் வீங்கி, நுனியில் அந்த நிறம் மெல்லக் கசிய ஆரம்பித்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆசை வெட்கம் அறியாது என்பது காதலிக்கிறவர்களுக்கு மட்டும் சொன்னதில்லை.

புதன்கிழமை லேன் முனையிலேயே யதுஷா என்னை மறித்தாள். அன்றைக்குச் சேலை இல்லை. வேலைக்குப் போகும் உடுப்போடு, பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அன்ரி, ஒரு நிமிசம். நான் ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது."

"சொல்லு பிள்ளை."

"உங்கட மகனுக்கு நான் சரிவராது எண்டு அப்பாட்டச் சொல்லிவிடுங்கோ. ஏதாவது ஒரு குறை கண்டுபிடியுங்கோ. வயசு கூட, நிறம் காணாது, என்னவும் சொல்லுங்கோ. போன ரெண்டு முறையும் விசாரிக்க வந்தவை கேக்காமலே சொன்னவை. இந்த முறை நானே கேக்கிறன்."

அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். களுபோவிலயில் ஹரிசன் என்று ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். சாதகம் பொருந்தியிருக்கிறது. நாலு தரம் போனில் கதைத்திருக்கிறார்கள்.

"அவரோட கதைச்சா எனக்குச் சிரிப்பு வருது அன்ரி. வேற என்னெண்டு சொல்லத் தெரியேல்லை. அவையள் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு கேட்டிருக்கினம். அப்பா பொறுங்கோ, பொறுங்கோ எண்டு தள்ளிக்கொண்டிருக்கிறார். மூண்டு கிழமையா விசாரிக்கினம் எண்டால் நீங்கள் பெரிய இடமாம். லண்டன் மாப்பிள்ளையாத்தான் இருக்கும் எண்டு அம்மா கோயிலுக்கு நேத்தி வைச்சிட்டா. வெள்ளி தாண்டினா அவையள் வேற இடம் பாப்பினம்."

"பிள்ளை," என்றேன். "எனக்கு மகன் இல்லை. நான் கலியாணமே கட்டேல்லை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் வாறியள்?"

போனைத் திறந்து கையில் கொடுத்தேன். பதினெட்டுப் படம். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். குண்டூசித் தலை அளவு மொட்டு, கடலை அளவு, பெருவிரல் அளவு. ஏழாம் படத்திலிருந்து ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பு, பாதித் தலை, குழாய் பிடித்த கை.

"எல்லாத்திலயும் நான் வெட்டுப்பட்டு நிக்கிறன்!"

"ஓம். கொடியை மறைச்சுக்கொண்டு நிண்டனி. எனக்கு உன்னில எவ்வளவு கோவம் தெரியுமே?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அது சிரிப்பா? லேன் முழுக்கக் கேட்டது. பூப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் தடியை ஒளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அவள் உண்மையாகவே அழுதிருக்கிறாள் என்று கண்டேன்.

"உண்மையைச் சொல்லாதேங்கோ அன்ரி. அப்பா வெக்கத்தில செத்துப்போவார். பிடிக்கேல்லை எண்டு மட்டும் சொன்னால் காணும்."

"அது மட்டும் நடவாது. உன்னைப் பற்றி ஒரு குறை என்ர வாயால வராது. நீ வேலைக்குப் போ."

அவள் பஸ்ஸுக்குப் போனதும் நேரே கேற்றுக்கு நடந்தேன். நாளைக்கு என்று ஒத்திவைத்தால் பூ என்னை மறுபடியும் விலைக்கு வாங்கிவிடும். என்னை எனக்குத் தெரியும்.

கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். உறையை மேசையில் வைத்தேன். நேசத்தோடு போட்டி, கொடி, படங்கள், திங்கட்கிழமையே எனக்கு விளங்கியும் வாயைத் திறக்காதது, ஒன்றும் விடாமல் சொன்னேன். லோஜினி வடைத் தட்டோடு அப்படியே நின்றார்.

"விடியக் கேற்றடியில நிக்கிற ஆள் எண்டால் பூப் பிடுங்க வேணும்," என்று அவர் மெல்லச் சொன்னார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "நீங்கள் ஒரு நாளும் ஒரு பூவிலயும் கை வைக்கேல்லை. வீட்டையே படம் எடுத்தியள். அப்ப நாங்கள் வேற என்னத்தை நினைக்கிறது?"

சிவபாதசுந்தரம் எழும்பினார். முகம் கறுத்திருந்தது.

"திங்கட்கிழமை தெரியும், என்ன? தெரிஞ்சுகொண்டு நேற்றும் வந்து இருந்து சாப்பிட்டுப் போனனீங்கள். என்ர பிள்ளையைக் காட்சிக்கு நிக்கிற மாதிரி நிக்க வைச்சு, உங்களுக்குப் பூப் படம் தேவைப்பட்டிருக்கு."

"நான் செய்தது பிழை. ஆனால் ஒண்டு கேளுங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பகுதிக்கு..."

"எங்கட வீட்டுக் கதை உங்களுக்கு வேண்டாம்! போங்கோ. இனி இந்த லேன் பக்கம் வரக்கூடாது."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. திரும்பினேன். கொட்டகைக்குக் கீழே கடக்கும்போது கண் தானாக மேலே போனது. முதலாவது பூ அரைவாசி விரிந்திருந்தது! அந்த நிறம், ஐயோ, அந்த நிறம்! கை போனுக்குப் போய்விட்டது. பிறகு கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் கேற்றைச் சாத்திய சத்தம் லேன் முனைவரை கேட்டது.

வியாழன் நடக்கவில்லை. வெள்ளியும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹரிசன் வீட்டுக்குச் சிவபாதசுந்தரம் போன் எடுத்திருப்பாரா? இல்லாவிட்டால் வீம்புக்கு விட்டிருப்பாரா? எடுத்தும் அவர்கள் இவ்வளவு நாள் இழுத்தடித்த கோபத்தில் வேண்டாம் என்றிருப்பார்களா? யதுஷாவின் நம்பரைக்கூட நான் வாங்கியிருக்கவில்லை. சனிக்கிழமை, கொடி முழுதாக விரிய வேண்டிய நாள், அதைப் பற்றி நினைத்தது ஒரே ஒரு தரம். பொய் சொல்லக்கூடாது, இரண்டு தரம்.

ஞாயிறு காலை பூசை முடிந்த கையோடு நேசம் போன் எடுத்தாள். "வீட்டுக்குள்ள கெடந்தா என்ன தெரியவரும்? எறங்கி நட!"

திங்கட்கிழமை இறங்கினேன். அந்த லேனைத் தவிர்த்து நேரே காலி வீதிக்குப் போனேன். ரோட்டைக் கடக்கும் மஞ்சள் கடவையில் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. ஓட்டோக்காரன் ஒருவன் தலையை வெளியே நீட்டி, "அம்மே, மே மல் ப்ளாஸ்டிக்த?" என்று யாரையோ சிங்களத்தில் கேட்டான், இந்தப் பூ பிளாஸ்ரிக்கா என்று.

எட்டிப் பார்த்தேன். சிவபாதசுந்தரம் சால்வையோடு, பக்கத்தில் யதுஷா, நடுவில் லோஜினி. லோஜினியின் கையில் பெரிய வெள்ளித் தட்டு. தட்டு நிறைய அந்தப் பூ. கொத்துக் கொத்தாக, குவியலாக, விளிம்பு தாண்டி வழிந்து, காலை வெயிலில் காலி வீதியையே வேறு நிறமாக்கிக்கொண்டு! எட்டு வருடக் கொடியின் முதல் பூ முழுவதும் அதில் இருந்தது.

"எல்லாத்தையும் பிடுங்கியாச்சே!" என்று கத்திவிட்டேன். வணக்கம் சொல்லியிருக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வந்தது அதுதான்.

லோஜினி திரும்பினார். என்னைக் கண்டதும் முதலில் முகம் இறுகியது. பிறகு தானாக மலர்ந்தது. அடக்கமாட்டாத சந்தோசத்தில் இருக்கிறவர்களுக்கு எதிரிலே நிற்பது யாரென்று கணக்கில்லை.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் அவையள் ஓம் எண்டிட்டினம்! ரெண்டு மணித்தியாலம் யோசிச்சுச் சொல்லுறம் எண்டு போட்டு, ஐஞ்சு மணிக்கு அவரே எடுத்தவர், அந்தத் தம்பி. முதல் பூ முழுக்கப் பிள்ளையாருக்கு எண்டு நேந்தனான்."

"ஒண்டுகூடக் கொடியில விடேல்லையோ?"

"சாமிக்கு நேந்ததில மிச்சம் வைக்கிறதே?"

யதுஷா வெடித்துச் சிரித்தாள். பஸ் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. அவள் சிரிப்பதைப் பார்க்க, கொடியாவது படமாவது, எனக்கும் உடம்பெல்லாம் சந்தோசம் ஏறியது. அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் சிவபாதசுந்தரம் என் பக்கம் திரும்பவே இல்லை. போகிற வாகனங்களை எண்ணுகிறவர் மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விலகிப் போகத் திரும்பினேன்.

"ஆவணியில கலியாணம்," என்று ரோட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"சந்தோசம்," என்றேன்.

"படம் எடுக்க ஆள் பிடிச்சாச்சு. நீங்கள் படம் எடுக்க வரத் தேவையில்லை."

"சரி," என்றேன். அது எனக்கு வேண்டியதுதான்.

"மாப்பிள்ளை பகுதியில நிறையச் சனம். எங்கட பகுதியில ஆக்கள் காணாது." இப்போது என்னைப் பார்த்தார். கோபம் முழுதாகப் போகவில்லை, முகத்தில் இருந்தது. "பொம்பிளை பகுதியில வந்து நில்லுங்கோ. விடியவே வர வேணும்."

நான் எத்தனையோ கலியாணங்களுக்குப் போயிருக்கிறேன். பாங்கிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு மேசை போடுவார்கள், அதில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். இன்ன பகுதியில் வந்து நில் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நடு ரோட்டில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை ஆட்டினேன்.

வாகனங்கள் நின்று வழி விட்டன. லோஜினி ஒரு அடி வைத்துவிட்டுத் தடுமாறினார்.

"பாரமாக் கிடக்குது. உந்தப் பக்கத்தைப் பிடியுங்கோவன்," என்று தட்டை என் பக்கம் சரித்தார்.

நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாலு பேரும் ரோட்டைக் கடந்து கோயிலுக்கு நடந்தோம்.